பினாங்கு டீச்சரின் ஜப்பான் சனிக்கிழமைகள்

கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மனிதரைக் கண்டால் பினாங்கு டீச்சருக்குப் பொறுக்காது. யாராக இருந்தாலும் சரி, வாசகசாலைக்குள் வந்து ஒரு நிமிஷம் சும்மா நின்றால் போதும், அவர் கையில் ஒரு காகிதமோ கத்தரியோ பசைக் கிண்ணமோ ஏறிவிடும். "சும்மா பாக்கணும்ணா வெளிய கடலு கெடக்கு. உள்ள வந்தா கைய நீட்டணும்" என்பார். அதட்டலாகச் சொல்லமாட்டார். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற மாதிரி முகம் நிறையச் சிரிப்போடு சொல்வார். அதனாலேயே யாராலும் தட்ட முடிந்ததில்லை.

குளச்சலில் சந்தைக்குப் போகும் வழியில் இருந்தது எங்கள் வாசகசாலை. ஓடு போட்ட ஒரே நீள அறை. இரண்டு அலமாரி, ஒன்றில் மலையாளப் புத்தகங்கள், ஒன்றில் தமிழ். நடுவில் பத்திரிகை மேசை. காலையில் ஆண்கள் வந்து பத்திரிகை படித்துவிட்டு, எங்கள் தாலுகாக்கள் சென்னையோடு சேருமா, திருவனந்தபுரத்தோடேயே இருக்குமா என்று தொண்டை கட்டும்வரை வாதாடிவிட்டுப் போவார்கள். பிற்பகலில் ஆளே இருக்காது. முன்பு இருந்த நூலகர் வேறு வேலை கிடைத்துப் போய்விட, இங்கிலீஷும் தட்டச்சும் தெரிந்த ஆள் வேண்டுமென்று கமிட்டி தேடியபோது அகப்பட்டவர்தான் டீச்சர். யுத்தம் முடிந்ததும் பினாங்கிலிருந்து கப்பலேறி வந்து, குளச்சலில் அத்தை வீட்டில் தங்கியிருந்தார். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் பாடம் எடுத்ததில்லை. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு இங்கிலீஷ் பத்திரிகை படிக்கிற பெண்ணை வேறு என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் ஊர் அவரை டீச்சர் ஆக்கிவிட்டது.

முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும். குள்ளமான உருவம், வேகமான நடை. நீல நாடாவில் கோத்த ஒரு சின்னக் கத்தரி எப்போதும் கழுத்தில் தொங்கும். கல்யாணம் ஆகவில்லை. "தாலி ஏற வேண்டிய கழுத்துல கத்தரியத் தொங்க விட்டுருக்கா" என்று என் சித்தி சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். அது டீச்சர் காதுக்கும் எட்டியது. அடுத்த முறை சித்தியைச் சந்தையில் பார்த்தபோது, அவள் முந்தானையில் தொங்கிய நூலை அந்தக் கத்தரியாலேயே நறுக்கிவிட்டு, "தாலிய வச்சு இதச் செய்ய ஒக்குமா?" என்று கேட்டாராம். சித்தி வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள்.

எல்லாம் ஒரு மழை நாளில் ஆரம்பித்தது. நான் அப்போது உயர்நிலைப் பள்ளியில் நாலாம் பாரம் படித்தேன். நானும் என் தோழி பாத்திமாவும் மழைக்கு ஒதுங்கித்தான் வாசகசாலைக்குள் ஏறினோம். நின்ற இடத்தில் இருந்த புத்தகம் ஒன்றைப் பாத்திமா எடுத்துப் புரட்ட, உள்ளேயிருந்து தட்டையாக மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. எடுத்துப் பிரித்தால் இரண்டு சிறகு, நீண்ட கழுத்து, கூரான மூக்கு. கொக்கு. "இது யாரு செஞ்சது டீச்சர்?" என்று கேட்டாள். டீச்சர் பழைய நாட்காட்டியிலிருந்து இரண்டு தாளைக் கிழித்துச் சதுரமாக நறுக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். அன்று மழை விட்ட பிறகும் நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. என் கொக்குக்குத் தலை வரவில்லை. பாத்திமாவின் கொக்கு ஆமை மாதிரி இருந்தது. ஜப்பானில் சின்னப் பிள்ளைகள்கூட இதைச் செய்வார்கள் என்று டீச்சர் சொன்னார். பாத்திமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை தன் மாமா மகள்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த சனிக்கிழமை கடற்புறத்துப் பிள்ளைகள் வந்தார்கள், அந்தோணி தலைமையில். அவன் எங்கள் வகுப்புத்தான். இரண்டு மாதத்தில் அறை கொள்ளவில்லை. ஊரில் அதற்கு 'ஜப்பான் சனி' என்று பெயரே விழுந்துவிட்டது.

ஒரே ஒரு சட்டம் உண்டு. போகும்போது யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது. அலமாரியிலிருந்து ஏதாவது ஒரு புத்தகம். என்ன புத்தகம் என்று கேட்கமாட்டார், படித்தாயா என்றும் கேட்கமாட்டார். அந்தோணி ஆறு வாரம் ஒரே புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தந்தான். ஏழாவது வாரம் பொறுக்காமல் படித்துவிட்டான்.

முதல் நாள் ஜப்பான் மரியாதைகளைச் சொல்லித் தந்தபோது, அங்கே வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் செருப்பைக் கழற்றி வைப்பார்கள் என்றார். நாங்கள் எல்லோரும் எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டோம். ஒருவர் காலிலும் செருப்பு இல்லை. டீச்சரும் பார்த்தார். "சரி, பாதி ஜப்பான்காரங்க ஆயாச்சு. இனி மீதி" என்று மேலே போனார்.

தென்னை நாரை மூங்கில் குச்சியில் கட்டித் தூரிகை. விளக்குக் கரியைக் கோந்தில் குழைத்து மை. அதைக்கொண்டு பழைய பத்திரிகைத் தாளில் எழுத்துகள் எழுதினோம். ஜப்பானியர்களிடம் மூன்று விதமான எழுத்து உண்டு என்றும், அதில் கீற்றுக் கீற்றாக இருக்கும் எளிய எழுத்தை மட்டும்தான் தனக்கு நன்றாகத் தெரியும் என்றும் டீச்சர் முதலிலேயே சொல்லிவிட்டார். இந்த ஊரில் தொடங்குவதற்கு வேறு சொல்லே கிடையாது என்று அவர் கற்றுத்தந்த முதல் சொல் 'ஸகானா'. மீன். மூன்று எழுத்து. 'ஸா'வுக்கு வலை காயப்போடுகிற இரண்டு கம்பு என்று நாங்கள் பெயர் வைத்தோம். 'கா' தூண்டில். 'னா'வைச் சாய்ந்த சிலுவை என்றான் அந்தோணி. இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு அதை என்னால் எழுத முடியும்.

ஜப்பானியர் தேநீர் குடிக்கிற முறையைக் காட்டிய நாளில் சாயாக்கடைக் காசிம் காக்கா வந்தார். பாலும் சர்க்கரையும் இல்லாமல் பிள்ளைகளுக்குச் சாயா கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லி, அந்த அக்கிரமத்தைப் பார்க்க வந்திருந்தார். வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றவரை டீச்சர் உள்ளே கூப்பிட்டுப் பாயில் உட்காரவைத்தார். வழவழப்பாகத் தேய்த்த தேங்காய்ச் சிரட்டையில் கட்டஞ்சாயா. இரண்டு கையாலும் ஏந்த வேண்டும், குனிய வேண்டும், சிரட்டையைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், பேசாமல் குடிக்க வேண்டும். காக்கா எல்லாவற்றையும் சொன்னபடி செய்தார். குடித்து முடித்துச் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு, முப்பது வருஷமாக நான் சாயா போடுகிறேன், ஒருத்தர்கூட இப்படி மரியாதையாகக் குடித்ததில்லை என்றார். மறுநாள் அவர் கடையில் ஒருவர் கால்மேல் கால் போட்டுச் சாயா குடிக்க, காக்கா அவரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கச் சொல்லிச் சண்டையானதாகக் கேள்விப்பட்டோம்.

போலீஸ் ஏட்டு வந்ததும் அப்படித்தான். வாசகசாலையில் ஜப்பான் பாஷை சொல்லித் தருகிறார்கள், ஏதோ உளவு வேலை என்று யாரோ மொட்டைக் கடிதம் எழுதியிருந்தார்கள். ஏட்டு தொப்பியோடும் தடியோடும் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். டீச்சர் தடியை வாங்கி மூலையில் சாய்த்துவிட்டு, கையில் ஒரு பச்சைக் காகிதத்தைக் கொடுத்தார். விசாரணை முழுவதும் ஏட்டு காகிதத்தை மடித்துக்கொண்டே கேள்வி கேட்டார், டீச்சர் அவருடைய மடிப்பைத் திருத்திக்கொண்டே பதில் சொன்னார். முடிவில் அது தவளை ஆனது. பின்பக்கம் விரலால் அழுத்தினால் தாவும். ஏட்டின் தவளைதான் அன்று எல்லாவற்றையும்விடத் தூரம் தாவியது. இன்னொரு காகிதம் கிடைக்குமா, வீட்டில் இரட்டைப் பிள்ளைகள், ஒன்றை மட்டும் கொண்டுபோனால் அடித்துக்கொள்ளும் என்று கேட்டு வாங்கிப்போனார். மொட்டைக் கடிதம் அதோடு முடிந்தது.

டீச்சருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்பதை அவர் கதையாக உட்காரவைத்துச் சொன்னதில்லை. மடிக்கும்போதும் நறுக்கும்போதும் துண்டு துண்டாக வந்ததை நாங்கள் சேர்த்துக்கொண்டோம். பினாங்கில் அவர் அப்பாவின் கடைக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பான்காரர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர் மனைவிக்குப் பிள்ளைகள் இல்லை. தெருவில் இருந்த தமிழ், சீன, மலாய்ப் பெண்பிள்ளைகளையெல்லாம் கூட்டிவைத்துக் காகிதம் மடிக்கவும் எழுதவும் சொல்லிக் கொடுத்தவர் அந்த அம்மாதான். யுத்தம் மூண்டதும் வெள்ளைக்காரர்கள் அந்தத் தம்பதியை எதிரி நாட்டார் என்று பிடித்துக் கப்பலில் ஏற்றி எங்கோ அனுப்பிவிட்டார்கள். அதன்பின் ஜப்பான் பட்டாளம் வந்தது. எழுத்துத் தெரியும் என்பதால் டீச்சரை ஒரு ஆபீசில் உட்காரவைத்தார்கள். அவர் தம்பியைச் சயாமில் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். தம்பி திரும்பவில்லை. தம்பியைப் பற்றி மட்டும் டீச்சர் ஒரு தடவைக்குமேல் சொன்னதில்லை.

சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்கள் எங்கள் பக்கத்திலும் இருந்தார்கள். அதில் ஒருவர் பிலோமி அக்காவின் வீட்டுக்காரர் சூசை. பிலோமி அக்கா கடற்கரையில் மீன் ஏலம் எடுத்து, பெட்டியில் சுமந்து உட்புற ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பவர். அவர் குரல் கேட்டால் ஏலக்காரரே விலையைக் குறைப்பார் என்பார்கள். சூசை யுத்தத்துக்கு முன்பே மலாயாவுக்குப் பிழைக்கப் போனவர். அங்கிருந்துதான் ஜப்பான் பட்டாளம் அவரை ரயில்பாதைக்குக் கொண்டுபோனது. யுத்தம் முடிந்து, கூடப் போனவர் ஒருவர் திரும்பி வந்துதான் அவர் காய்ச்சலில் செத்த செய்தியைச் சொன்னார்.

அந்த அக்கா ஒரு சனிக்கிழமை மீன்பெட்டியோடு நேராக வாசகசாலைக்கு வந்தார். பெட்டியை வாசலில் இறக்கி வைத்தார். நாங்கள் தரை முழுக்கத் தாளை விரித்து எழுதிக்கொண்டிருந்தோம்.

"எனக்க மாப்பிளையக் கொன்னவனுக்க பாசையையா டீச்சரே இந்தப் பிள்ளையளுக்குப் படிச்சுக் குடுக்கிய?"

டீச்சர் எழுந்தார். எங்களுக்குத் தெரிந்தவரை அன்றுதான் முதல்தடவையாக அவர் வாசலில் நின்ற ஒருவர் கையில் எதையும் கொடுக்கவில்லை.

"எனக்க தம்பியும் அந்தப் பாதையிலதான் போனான் அக்கா" என்றார். "அவனக் கொண்டுபோனவனும் இந்த எழுத்துதான் எழுதுவான். எனக்குச் சொல்லித் தந்த அம்மாவும் இந்த எழுத்துதான் எழுதுவாங்க. அவனுக்காக அந்த அம்மாவ விட்டுட எனக்கு மனசு வரல்ல."

பிலோமி அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். போனவர் மாதா கோயில் பங்குச்சாமியிடமும் கமிட்டித் தலைவரிடமும் போய் அழுதார். தலைவர் வந்து, ஊரில் நாலு வீட்டில் இந்தத் துக்கம் இருக்கிறது, கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள் என்று டீச்சரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். டீச்சர் மறுக்கவில்லை. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றார்.

நாலு சனிக்கிழமை வகுப்பு இல்லை. ஒரு சனிக்கிழமை அந்தோணி வாசகசாலைப் படியில் உட்கார்ந்து கல்லை எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். டீச்சர் உள்ளே அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த அலமாரியையே மறுபடியும் துடைத்தார்.

அதற்குப் பிறகு ஒரு செவ்வாயோ புதனோ, நானும் பாத்திமாவும் பள்ளிக்கூடம் விட்டுப் புத்தகம் மாற்றப் போயிருந்தோம். பிலோமி அக்கா வந்தார். மீன்பெட்டி இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, கோயிலுக்குப் போகிற புடவை உடுத்தியிருந்தார். கையில் ஒரு சின்னத் தகர டப்பி. அதை மேசைமேல் வைத்துவிட்டு, அதிலிருந்து கையை எடுக்காமல் நின்றார்.

சூசையின் செய்தியைக் கொண்டுவந்த ஆள், செத்தவர் மடியிலிருந்து எடுத்தது என்று ஒரு தாளையும் கொடுத்திருக்கிறார். பங்குச்சாமிக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டருக்கும் தெரியவில்லை. ஆறு வருஷமாக அது மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. சிவப்பு முத்திரை குத்தியிருப்பதால் ஏதோ தண்டனைக் கடுதாசி என்று அக்கா நினைத்திருந்தார். தன் மாப்பிள்ளை என்னவோ குற்றம் செய்து, அதற்காகத்தான் கொன்றுவிட்டார்களோ என்று ஆறு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

"கெட்டதுண்ணாலும் மறைக்காம சொல்லணும்" என்றார்.

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு தாளைப் பிரித்தார். மடிப்பில் நைந்து, உள்ளங்கை அளவுதான் இருந்தது. மேலே நெருக்கமாகக் கட்டம் கட்டமான எழுத்து, ஓரத்தில் முத்திரை, நடுவில் இரண்டு வரி கீற்றெழுத்து. டீச்சர் நெடுநேரம் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"வாங்க மக்கா. இந்த வரிய நீங்க வாசிங்க."

எனக்குத் தப்பாக வாசித்துவிட்டால் என்று பயம். பாத்திமாதான் முதலில் விரலை வைத்தாள்.

"ஸூ..." என்றாள். அடுத்தது எனக்குத் தெரிந்தது. வலை காயப்போடுகிற கம்பு. "ஸா" என்றேன். பாத்திமா, "இ" என்றாள்.

ஸூ-ஸா-இ. நாங்கள் சேர்த்துச் சொல்வதற்கு முன்பே பிலோமி அக்காவுக்குப் புரிந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வரியில் மறுபடியும் அதே வலைக்கம்பு. அப்புறம் தூண்டில். அப்புறம் சாய்ந்த சிலுவை. நானும் பாத்திமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒன்றாக, "ஸகானா" என்றோம்.

"அப்பிடிண்ணா?" என்றார் அக்கா.

"மீனு" என்றாள் பாத்திமா. "மீனுண்ணு எழுதியிருக்கு அக்கா."

மீதியை டீச்சர் வாசித்தார். மேலே இருந்த கட்ட எழுத்தில் சிலது தனக்குத் தெரியவில்லை என்றும், தெரிந்ததை மட்டும் சொல்கிறேன் என்றும் முதலில் சொன்னார். அது முகாமைவிட்டு வெளியே போகத் தருகிற வாசல் சீட்டு. சூசை என்கிற இந்த ஆள் சமையல் கொட்டகைக்கு மீன் பிடிக்க ஆற்றுக்குப் போகிறவர், காவலில் இருப்பவர்கள் இவரைத் தடுக்கக் கூடாது. அவ்வளவுதான். குற்றமும் இல்லை, தண்டனையும் இல்லை.

பிலோமி அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தோம். மீன் என்கிற எழுத்து எது என்று கேட்டார். காட்டினோம். அந்த மூன்று எழுத்தின்மேலும் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் தாளில் விழுந்துவிடுமோ என்று டீச்சர் மெதுவாகத் தாளை நகர்த்தினார்.

"ஆத்துல என்ன மீனு கெடக்கும்?" என்று திடீரென்று கேட்டார் அக்கா. "ஆழக்கடல்ல சுறா பிடிச்ச ஆளு. அவரக் கொண்டுபோயி ஆத்துல மீனு பிடிக்க விட்டுருக்கானுவ." சொல்லும்போதே அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. "சும்மா இருந்திருக்க மாட்டாரு. இதெல்லாம் ஒரு மீனாண்ணு அந்த சப்பான்காரங்கிட்டயே கேட்டுருப்பாரு."

டீச்சரும் சிரித்தார். எங்களுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. பிறகு நாங்களும் சிரித்தோம்.

அன்று சாயங்காலமே பிலோமி அக்கா கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போனாராம். நிறுத்தச் சொன்னதும் நான்தான், தொடங்கச் சொல்வதும் நான்தான், சனிக்கிழமை கதவு திறந்திருக்க வேண்டும் என்று ஏலம் கேட்கிற குரலில் சொன்னதாகத் தலைவரின் மனைவி ஊருக்கெல்லாம் சொன்னார்.

ஜப்பானில் மே மாதத்தில் துணியால் மீன் செய்து, கம்பத்தில் கட்டிக் காற்றில் பறக்கவிடும் பண்டிகை ஒன்று உண்டு. அந்த வருஷம் அதைச் செய்வதென்று டீச்சர் முடிவு செய்தார். அங்கே அது ஆண்பிள்ளைகளுக்கான பண்டிகை என்றதும் பாத்திமா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். இங்கே அந்தச் சட்டம் கிடையாது என்றார் டீச்சர். அங்கே செய்வது கெண்டை மாதிரி ஒரு ஆற்றுமீன் என்றதும் கடற்புறத்துப் பிள்ளைகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். ஆற்றுமீனுக்காக நாங்கள் கம்பம் நடமாட்டோம் என்றான் அந்தோணி. கடைசியில் அவரவர்க்குப் பிடித்த மீனைச் செய்யலாம் என்று ஆயிற்று.

கிழிந்த பாய்த்துணி, அரிசிச் சாக்கு, பழைய வேட்டி எல்லாம் வந்து குவிந்தன. வாய்க்குப் பிரம்பு வளையம். மஞ்சள், கரி, சலவை நீலம் இவைதான் சாயம். பிலோமி அக்கா மேற்பார்வைக்கு வந்தார். வந்து நின்று, என் நெய்மீனைப் பார்த்து, "ஏட்டி, நெய்மீனுக்கு இப்பிடியா வாலு? இது வயித்துவலி வந்த வாளைல்லா" என்றார். அடுத்த நிமிஷம் டீச்சர் கழுத்திலிருந்த கத்தரி அவர் கையில் இருந்தது. அன்று முழுக்க அவர் நறுக்கிய செதிலும் செட்டையும்தான் எல்லா மீனிலும் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த நேரம். வள்ளங்கள் கரையில் ஓய்வாக இருந்தன. நாங்கள் மீன்களை மடித்து எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனபோது, வேடிக்கை பார்க்க ஒரு பெருங்கூட்டம். அவ்வளவு பேர் சும்மா நிற்பதைக் கண்டதும் டீச்சருக்குக் கை துறுதுறுத்தது. வலை காயப்போடுகிறவர்கள் கம்பம் பிடித்தார்கள். ஏட்டு தன் இரட்டைப் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கயிறு கட்டினார். பங்குச்சாமியின் கையில் சுறா. காசிம் காக்கா தனக்குக் கடல் ஆகாது என்று சொல்லிக்கொண்டே ஒரு திருக்கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றார்.

முதலில் காற்றே இல்லை. துணிகள் ஈரம் பிழிந்த சட்டை மாதிரித் தொங்கின. சிலர் கேலி பேசினார்கள். பிறகு மேற்கேயிருந்து ஒரு வீச்சு வந்தது. பிரம்பு வளையம் ஒவ்வொன்றும் வாயைத் திறந்து காற்றை விழுங்கியது. சாளை, அயிலை, நெய்மீன், சுறா, வாளை எல்லாம் உடம்பு பருத்து, வாலை அடித்து, எங்கள் தலைக்குமேல் நீந்தின. கடற்கரை மொத்தமும் ஒரு சத்தம் போட்டது. ஆயுசு முழுக்க மீனைக் குனிந்தே பார்த்தவர்கள் அன்று அண்ணாந்து பார்த்தார்கள். ஏலக்காரர் ஒருவர் பழக்க தோஷத்தில் விலை கூற ஆரம்பித்துவிட்டார். ஆளாளுக்கு ஏற்றிக் கேட்டு, அந்தோணியின் சுறா ஒரு யானை விலைக்குப் போனது.

பிலோமி அக்கா மீன் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கம்பத்தில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நீளத் துணிப்பட்டையைக் கட்டச் சொன்னார். அதில் கரியால் 'ஸகானா'வின் மூன்று எழுத்துக் கோணல் மாணலாக இருந்தது. அவரே எழுதியது. அவர் வாழ்க்கையில் எழுதிய முதல் சொல் அதுதான். அவருக்குத் தமிழும் எழுதத் தெரியாது என்பது அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை அவர் பாத்திமாவுக்கும் எனக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார். சப்பான் எழுத்தை எழுதிவிட்டேன், இனி நம்ம எழுத்து எதற்குப் பாக்கி என்றார். நாங்கள் இரண்டு பேரும் முறைவைத்துச் சொல்லித் தந்தோம். 'ழ' எழுதுவதற்குள் இரண்டு தூரிகையை ஒடித்தார். ஏழெட்டு மாதத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தார். அதன் பிறகு ஒரு நாள் டீச்சர் வாசகசாலையின் உறுப்பினர் பதிவேட்டை அவர் முன்னால் திறந்து வைத்தார். மை டப்பியைத் தேடி அக்காவின் பெருவிரல் பழக்கத்தில் நீண்டது. பிறகு மடங்கியது. பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, சூ. பிலோமினா என்று எழுதினார்.

சட்டப்படி வெறுங்கையோடு போகக் கூடாது. அக்கா அலமாரியில் தேடி, பள்ளிப் பிள்ளைகளுக்காக யாரோ கடல்மீன்களைப் பற்றி எழுதிய ஒல்லியான புத்தகம் ஒன்றை எடுத்துப் போனார். ஒரு மாதம் வைத்திருந்தார். ஏலம் முடிந்து, பெட்டியைத் தூக்கிவிட ஆள் வருகிறவரை, மீன்பெட்டிமேல் அதை வைத்துக்கொண்டு வாய்விட்டு வாசிப்பார். கூட இருக்கிற பெண்கள் காது கொடுப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை எங்கள் தூரிகையெல்லாம் குதிக்கிற மாதிரி அந்தப் புத்தகத்தை மேசையில் போட்டார்.

"டீச்சரே, இத எழுதினவன் கடலுக்கப் பக்கத்துலயே வந்தவன் இல்ல. சாளை எப்பம் கரை ஏறும்ணு தெரியல்ல. அயிலைக்கு முட்டை எப்பம்ணு தெரியல்ல. திருக்கையப் பத்தி நாலு வரி. நாலே வரி. அதுலயும் ரெண்டு பொய்."

டீச்சர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, புது நோட்டு ஒன்றை எடுத்து, அதன்மேல் ஒரு பென்சிலை வைத்து, அக்காவின் பக்கம் தள்ளினார்.

"அப்பம் சரியானத நீங்க எழுதிக் கொண்டாங்க."

நாங்கள் எல்லோரும் மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். அக்கா கையை முந்தானையில் துடைத்தார். நோட்டை எடுத்தார். முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை விரலால் விர்ரென்று விட்டுப் பார்த்தார். மனசுக்குள் என்னவோ கணக்குப் போட்டார்.

"இது ஒண்ணு காணாது டீச்சரே" என்றார். "இன்னொண்ணு தாங்க."